முன்னாளுக்கு ஏழு வார்த்தை

போன் அடித்தபோது அவர் ஒரு நாற்காலிக்காக வருந்திக்கொண்டிருந்தார். உட்கார்ந்ததும் கால் முறிந்துபோன பிளாஸ்டிக் நாற்காலி. வாங்கிய புண்ணியவான் மூன்று பக்கத்துக்குக் கொதித்து எழுதியிருந்தார். கம்பெனி வருந்துகிறது, ஆனால் கம்பெனி மேல் தப்பில்லை. இரண்டும் ஒரே வாக்கியத்தில் வர வேண்டும், ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளவும் கூடாது. இப்படிப்பட்ட இங்கிலீஷ் வாக்கியங்களை அவர் முப்பத்தோரு வருஷமாகச் செய்து தருகிறார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம், கூடத்தில், ஆறு மெஷின்கள் நிமிஷத்துக்கு ஒன்றாக நாற்காலி துப்பும். இந்தப்பக்கம், காலையில் துடைத்தால் மத்தியானத்துக்குள் பிளாஸ்டிக் தூசி படிந்துவிடுகிற மேஜையில், அவர் ஒரு நாளைக்கு இருபது கடிதம் துப்புவார். சூடு ஆறுவதற்குள் இரண்டையும் கட்டி அனுப்பிவிடுவார்கள்.

கம்பெனியில் அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. டிக்‌ஷனரி. மானேஜர் கூப்பிடுவதும் டிக்‌ஷனரி, லோடு ஏற்றுகிறவன் கூப்பிடுவதும் டிக்‌ஷனரி. ஆரம்பத்தில் கொஞ்சம் பெருமையாக இருந்தது. இப்போது முதுகில் யாரோ ஒட்டிவிட்டுப் போன காகிதம் மாதிரி இருக்கிறது. கை எட்டினால் பிய்த்துப் போட்டுவிடுவார். எட்டவில்லை. இன்னும் எட்டு மாசத்தில் ஓய்வு. மேலே இரண்டு வருஷம் எக்ஸ்டென்ஷன் தருவதாக மானேஜர் வாயால் சொல்லியிருக்கிறார். வீட்டில் இவர் மனைவி அந்த இரண்டு வருஷத்தை ஏற்கெனவே செலவழித்தாகிவிட்டது, மனசுக்குள்.

ரிசீவரை எடுத்தார். மறுமுனையில் பெயிண்ட் கம்பெனி ஆபீசர். ஆள் எடுக்கிற வேலை அவருடையது. எட்டு வருஷமாகக் குரல் பழக்கம், ஒரே ஒரு தடவை முகப் பழக்கம். இந்தக் கம்பெனியிலிருந்து போகிறவர்கள் அந்தக் கம்பெனியில் மனுப் போடும்போது ஒரு போன் வரும். ஆள் எப்படி என்று நாலு வார்த்தை, வெயில் எப்படி என்று நாலு வார்த்தை, வைத்துவிடுவார்கள்.

"டிக்‌ஷனரி சார், ஒரு சின்ன வெரிபிகேஷன்" என்றார் ஆபீசர். "உங்க ஷிஃப்ட் சூப்பர்வைசர் ஒருத்தர் வந்திருந்தார். இன்டர்வியூ பிரமாதம். எங்க பிளான்ட் ஆளுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. ஆனா சர்டிபிகேட்ல நீங்க எக்ஸ் போட்டிருக்கீங்க. எக்ஸ்னா வழக்கமா நான் போன்கூடப் பண்ண மாட்டேன், மூடி ஓரமா வெச்சிடுவேன். இந்த மனுஷனைப் பாத்தா மனசு வரல. அப்படி என்னதான் பண்ணினாரு?"

டிக்‌ஷனரிக்கு ஆள் யாரென்று புரிந்துவிட்டது. பெயரைக் கேட்கத் தேவையே இல்லை. இரண்டு வருஷத்தில் இந்தக் கம்பெனியை விட்டு வெளியே போன ஷிஃப்ட் சூப்பர்வைசர் ஒரே ஒருத்தர்தான். இவருடைய சொந்தத் தங்கச்சி புருஷன்.

அதைவிடப் பெரிய இடி வேறு. எக்ஸ் என்றால் என்னவென்று இந்த ஆளுக்கு எப்படித் தெரியும்?

கேட்டார். அந்தப்பக்கம் சிரிப்புச் சத்தம்.

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? உங்க லிஸ்ட் என் டிராயர்ல இருக்கு. என் டிராயர்ல மட்டுமா? இந்த ரோட்டுல இருக்கற எல்லாக் கம்பெனியிலயும் இருக்கு."

*

அந்த லிஸ்ட் பிறந்தது இரக்கத்தில். அதை அவர் யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்வார்.

இப்போதைய மானேஜருக்கு முந்தைய மானேஜர் ஒரு முரடர். வேலையை விட்டுப் போகிறவனுக்குச் சர்டிபிகேட் எழுதச் சொன்னால், திட்ட வேண்டியதையெல்லாம் அதிலேயே திட்டிவிடுவார். சோம்பேறி, வாயாடி, ஒழுங்கீனம். டிக்‌ஷனரிக்கு டைப் அடிக்கிற கை கூசும். இந்தக் காகிதத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் ஒருத்தன் தன் பெண்டாட்டி பிள்ளைக்கு எப்படிக் காட்டுவான்? ஒரு நாள் துணிந்து சொன்னார்: 'சார், திட்டெல்லாம் வேண்டாம். எல்லாருக்கும் ஒரே மாதிரி நல்லபடியா எழுதிடுவோம். முதல் வரியில, முன்னாள் ஊழியர்னு வர்ற இடத்துல மட்டும் வார்த்தையை மாத்திக்கலாம். நமக்குள்ள ஒரு அடையாளம். நாளைக்கு யாராவது போன்ல கேட்டா ஃபைலைப் பாத்துப் பதில் சொல்லிடலாம்.'

முன்னாள் என்பதற்கு இங்கிலீஷில் வார்த்தைகளுக்கா பஞ்சம்? ஏழு எடுத்தார். வயசாகி மாலையோடு போனவருக்கு ரிட்டயர்ட். தானாக ராஜினாமா செய்துவிட்டுப் போன நல்லவனுக்கு ஃபார்மர். நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை, இருந்தான் போனான் என்றால் ப்ரீவியஸ். வேலையையே கம்பெனி எடுத்துவிட்டது, ஆள் மேல் குற்றமில்லை என்றால் எர்ஸ்ட்வைல். கொஞ்சம் ஆடம்பரமான வார்த்தை, வேலை போனவனுக்கு அதாவது கிடைக்கட்டுமே என்று வைத்தது. வந்த வேகத்தில் ஓடிப்போனவனுக்கு ஒன்-டைம். செத்துப்போனவருக்கு லேட், அதில் அவருக்கு வேறு வழியில்லை. கழுத்தைப் பிடித்துத் தள்ளப்பட்டவனுக்கு எக்ஸ். ரெண்டே எழுத்து. அதற்குமேல் அவனுக்கு இடம் கொடுக்கவில்லை.

காகிதத்தில் திட்டு நின்றது. தள்ளப்பட்டவனும் சிரித்த முகத்தோடு கையெழுத்துப் போட்டு வாங்கிப்போனான். டிக்‌ஷனரி மட்டும் ஃபைலைப் பூட்டும்போது தனக்குத்தானே ஒரு ஷொட்டு கொடுத்துக்கொள்வார்.

அதோடு விட்டிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? ஒன்பது வருஷம் முன்னால், அந்தச் சாலையில் உள்ள கம்பெனிகளின் ஆபீஸ்காரர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். வியாபார இங்கிலீஷ் பற்றிப் பேச இவரைக் கூப்பிட்டார்கள். அறுபது பேர், ஒரு கரும்பலகை, ஒரு மைக். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கூட்டம் அவர் வாயைப் பார்த்தது. அரைமணி நேரத்தில் சரக்கு தீர்ந்துபோயிற்று. கூட்டம் நெளிந்தது. அப்போது கரும்பலகையில் ஏழு வார்த்தையையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக விளக்கமும் எழுதி, 'பாத்தீங்களா, யாரையும் நோகடிக்காம எல்லாத்தையும் சொல்லிடலாம்' என்றார். அன்றைக்கு விழுந்த கைதட்டல் மாதிரி அவர் கல்யாணத்தில்கூட விழவில்லை. முன்வரிசையில் ஒரு இளைஞன் மடமடவென்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தது அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது. நல்ல மாணவன் என்று நினைத்தார், அந்த நோட்டு டிராயர் டிராயராகப் போகும் என்று நினைக்கவில்லை. அவன்தான் இப்போது போனில் இருக்கிறான். தலை கொஞ்சம் நரைத்து, ஆபீசர் ஆகி.

கை தவறி விழுந்திருக்கும் என்று இவர் முனகினார். "அதனாலதான் சார் கேக்கறேன்" என்றார் ஆபீசர். குரல் இறங்கியிருந்தது. "தப்பா அடிச்சிட்டோம், ஃபார்மர்னு இருக்கணும்னு மானேஜர் கையெழுத்தோட புதுசா ஒண்ணு குடுங்க. நாளைக்கு ஆறு மணிக்குள்ள அவரையே கையில எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க, முடிச்சிடறேன். ஆறுக்கு மேல என்னால ஆகாது. அடுத்த ஆளுக்கு ஆர்டர் போயிடும்."

ரிசீவரை வைத்த பிறகும் டிக்‌ஷனரி அதன்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். நாற்காலிக்காரருக்கான வருத்தம் பாதியில் நின்றது.

*

சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் தங்கச்சி வீட்டுப் படி ஏறினார். மூன்றாவது மாடி. ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கினார். வயசு பாதி, மிச்சம் வேறு.

மாப்பிள்ளை இல்லை. ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாசல் காவல் பார்க்கிறார், காலையில் போனால் சாயங்காலம் ஆறுக்குத்தான் முடியும், பஸ் பிடித்து வர ஏழாகும் என்றாள் தங்கச்சி. அவள் துணிக்கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். பகல் முழுக்க நின்ற கால்களைத் தண்ணீர் வாளிக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள். வேண்டாம் என்று கையமர்த்திவிட்டு, அவரே போய் டீ போட்டார். அந்த அடுக்களையில் எது எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அம்மா வைத்த மாதிரியே வைப்பாள், சர்க்கரை மேலே, தூள் கீழே. சர்க்கரை டப்பாவில் கரண்டி தரையைத் தட்டியது.

பெயிண்ட் கம்பெனி பற்றி அவளே ஆரம்பித்தாள். இது ஒன்பதாவது இடமாம். ஒவ்வொரு இடத்திலும் இதே கதையாம். உள்ளே கூப்பிட்டுப் பேசுவார்களாம், சிரிப்பார்களாம், ஒருத்தர் கை குலுக்கி எப்போது சேருகிறீர்கள் என்றுகூடக் கேட்டாராம். அப்புறம் சத்தமே இருக்காதாம். கிணற்றில் போட்ட கல். அவர் இப்போதெல்லாம் கண்ணாடி முன்னால் நின்று தன் முகத்தையே பார்க்கிறார், மூஞ்சியில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று என்னிடம் கேட்கிறார் என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் கழன்றது.

"எங்கதான் தப்பு நடக்குதுன்னே புரியலண்ணா" என்றாள். "சர்டிபிகேட்டுலதான் ஏதாவது கோளாறான்னு நான்கூட ஒரு நாள் கேட்டுட்டேன். அப்படி வள்ளுன்னு விழுந்தாரு. 'அது மச்சான் கையால அடிச்சது, அதுல ஒரு வார்த்தை தப்பு இருக்குமா'ன்னாரு. அந்தக் காகிதத்துக்கு லேமினேஷன்லாம் பண்ணி வெச்சிருக்காருண்ணா."

டிக்‌ஷனரி டீயைக் குடித்தார். சூடு தொண்டையில் இறங்குவது மட்டும் தெரிந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். "நாளைக்கு எனக்கு அவரைப் பாக்கணும். அந்தக் குடியிருப்பு எங்க இருக்கு?" என்பதுதான் வெளியே வந்தது. முப்பத்தோரு வருஷப் பழக்கம். உண்மை வாசல்வரை வரும், அங்கே ஒரு நல்ல வாக்கியம் குடையோடு நின்று அதைத் திருப்பி அழைத்துப் போய்விடும்.

இறங்கும்போது மாடிக்கு மாடி ஒரே நினைப்பு. கை தானாக அடித்துவிட்டது. அவ்வளவுதான். அன்றைக்கு அந்தக் களேபரத்தில், தள்ளப்பட்டவன் என்றதும் விரல் தானாக எக்ஸ் தேடிப் போயிருக்கிறது. செக்குமாட்டுக்குப் பாதை காட்ட வேண்டுமா என்ன? இந்த விளக்கத்தை இரண்டு வருஷமாக வைத்திருக்கிறார். நன்றாகத்தான் உழைத்திருக்கிறது.

*

மறுநாள் பத்து மணிக்கே புதுச் சர்டிபிகேட்டை அடித்துவிட்டார். ஃபார்மர் ஷிஃப்ட் சூப்பர்வைசர். மற்ற வரிகள் எல்லாம் பழையபடியே. உழைப்பாளி, நேரம் தவறாதவர், ஆட்களை அரவணைத்துப் போகிறவர். அப்போதும் பொய்யில்லை, இப்போதும் பொய்யில்லை. அடித்துவிட்டு, கையெழுத்துக்குப் போகும் காகிதக் கட்டின் நடுவில் செருகினார். மேலே பதினோரு கடிதம், கீழே பதினான்கு. மானேஜர் எதையும் படிக்கிறவரில்லை. போனில் யாரையாவது விரட்டிக்கொண்டே இடது கையால் பக்கத்தைத் தள்ளுவார், வலது கையால் கிறுக்குவார். டிக்‌ஷனரி கொண்டுவந்தால் அதில் என்ன பார்ப்பதற்கு இருக்கிறது என்ற நம்பிக்கை.

பன்னிரண்டாவது காகிதத்தில் பேனா நின்றது.

மானேஜர் போனை வைத்தார். காகிதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். அவருக்கு நாற்பத்தைந்து வயசு, இவரைவிடப் பன்னிரண்டு சின்னவர். கண்ணுக்குக் கீழே கருவளையம். இந்த வருஷம் அவருக்கும் மேலே யாரோ உட்கார்ந்துகொண்டு அழுத்துகிறார்கள்.

"ஃபார்மரா?" என்றார்.

இனி ஒளித்துப் பயனில்லை. டிக்‌ஷனரி சொன்னார். பெயிண்ட் கம்பெனி போன், டிராயரில் லிஸ்ட், ஒன்பது இடம், ஆறு மணி. மானேஜர் பேனாவை மூடியில் திருகித் திருகி எடுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய அந்த நாள் இரண்டு பேருக்குமே மறக்கக்கூடியதில்லை. மோல்டிங் மெஷினுக்கு ஒரு பாதுகாப்புக் கதவு உண்டு. திறந்தால் மெஷின் நின்றுவிடும், மூடினால் ஓடும். திறந்து மூடுவதில் நாற்காலிக்கு மூன்று விநாடி போகிறது என்று, கதவு திறந்திருந்தாலும் ஓடுகிற மாதிரி அதன் சுவிட்சைக் கம்பியால் கட்டிவைத்திருந்தார்கள். அன்றைக்கு வேலை செய்கிற ஒரு பெண்ணின் கையுறையை அச்சு கவ்விவிட்டது. கையுறை போயிற்று, கை பிழைத்தது. மாப்பிள்ளை யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குறட்டை எடுத்துவந்து ஆறு மெஷினிலும் கம்பியை வெட்டிப் போட்டுவிட்டு, கதவெல்லாம் சரியாக மூடுகிறதா என்று பார்க்கும்வரை ஷிஃப்டை ஓட்ட மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இரண்டு கன்டெய்னர் நாற்காலி கப்பலைத் தவறவிட்டது. சாயங்காலம் மாப்பிள்ளைக்கு வேலை இல்லை.

"நான் ஒண்ணு கேக்கறேன்" என்றார் மானேஜர். "இதை என்கிட்ட நேரா கேக்காம ஏன் நடுவுல சொருகினீங்க?"

"நீங்க ஒத்துக்க மாட்டீங்கன்னு..."

"ஏன் ஒத்துக்க மாட்டேன்? எக்ஸ் போடுன்னு நானா சொன்னேன்?"

டிக்‌ஷனரி நிமிர்ந்தார்.

"ஞாபகம் இல்லையா?" என்றார் மானேஜர். கோபமில்லை. கோபப்படவும் தெம்பில்லாத குரல். "இதே ரூம். இதே நாற்காலி. எனக்கு மேலேர்ந்து பிரஷர், ஆளை அனுப்பித்தான் ஆகணும். ஆனா உங்க மாப்பிள்ளைன்னு தெரியும். 'நீங்களே பாத்து எழுதிட்டு வாங்க, கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போடறேன்'னு சொன்னேன். ஃபார்மர்னு கொண்டு வருவீங்கன்னுதான் நினைச்சேன். எர்ஸ்ட்வைல்னு வந்திருந்தாலும் போட்டிருப்பேன். நீங்க எக்ஸ்னு கொண்டு வந்தீங்க. எனக்கே திக்குனு ஆச்சு. சரி, மனுஷன் சொந்தம் பந்தம்கூடப் பாக்கல, கம்பெனிதான் பெருசுன்னு இருக்காருன்னு நினைச்சுக்கிட்டேன். உங்களுக்கு எக்ஸ்டென்ஷன் தரலாம்னு நான் முடிவு பண்ணினது அன்னைக்குத்தான்."

கூடத்தில் மெஷின் ஒன்று மூச்சு விட்டது. ஒரு நாற்காலி விழுந்தது. இன்னொன்று விழுந்தது.

டிக்‌ஷனரிக்கு ஞாபகம் இருந்தது. எப்போதும் இருந்தது. அன்றைக்கு மத்தியானம், கூடத்தின் நடுவில், அறுபது ஆட்களுக்கு முன்னால் மானேஜர் இவரைத் திரும்பிப் பார்த்து, 'உங்க சிபாரிசுதானே இது?' என்று கேட்டது. அறுபது முகமும் தன் பக்கம் திரும்பியது. வேலைக்குச் சேர்த்துவிட்டவரிடம் ஒரு வார்த்தை, 'மச்சான், இப்படிச் செய்யப் போறேன்' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லாமல் குறட்டைத் தூக்கினாரே மாப்பிள்ளை என்ற எரிச்சல். அதற்குக் கீழே, அழுக்குத் தண்ணீருக்குக் கீழே கிடக்கிற கரண்டி மாதிரி, இன்னொன்று. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து அந்தக் கம்பியை அவரும் தினம் பார்த்தவர்தான். பல வருஷமாகப் பார்த்தவர். மேஜைக்கு வந்து காகிதத்தைச் செருகினார். ஏழு வார்த்தையும் வரிசையாக மனசில் வந்து நின்றன. ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் அடித்தார்.

கை தானாக எதையும் அடிக்கவில்லை.

மானேஜர் கையெழுத்துப் போடத் தயார் என்றார். ஆனால் ஒரே ஆளுக்கு இரண்டு விதமாகச் சர்டிபிகேட் போனால் நாளைக்குத் தணிக்கைக்கு வருகிறவர்கள் தன் கழுத்தைப் பிடிப்பார்கள். அதனால் பழையது தவறு, அந்தத் தவறு தன்னுடையது என்று டிக்‌ஷனரி எழுதித் தர வேண்டும். அது அவருடைய சொந்த ஃபைலில் கிடக்கும். கிடந்தால் எக்ஸ்டென்ஷன் மேலே போகாது. அதைச் சொல்லும்போது மானேஜர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார்.

டிக்‌ஷனரி மேஜைக்குப் போனார். நாலு வரி. வாழ்நாளில் அவர் எழுதிய கடிதங்களிலேயே மட்டமான இங்கிலீஷ் அதுதான். அதில் 'வருந்துகிறோம்' இல்லை, 'தவிர்க்க முடியாத காரணங்கள்' இல்லை. நான் செய்தேன். தெரிந்து செய்தேன். அடித்ததைத் திருப்பிப் படிக்காமல் கொண்டுபோய்க் கொடுத்தார். மனைவியிடம் சொல்ல வேண்டியதை ராத்திரி பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார்.

கிளம்பும்போது பழைய ஃபைலை எடுத்துப் புரட்டினார். எக்ஸ்களை எண்ண ஆரம்பித்தார். முப்பதைத் தாண்டியதும் மூடிவிட்டார்.

*

குடியிருப்பு வாசலை அடைந்தபோது மணி ஐந்தடிக்கப் பத்து நிமிஷம். பெயிண்ட் கம்பெனிக்கு அங்கிருந்து பஸ்ஸில் அரைமணி. சிவப்பும் வெள்ளையும் பட்டை அடித்த ஒரு நீளக் கம்பு வாசலை மறித்துக் கிடந்தது. மோட்டார் கெட்டுப்போய், ஒரு முனையில் கயிறு கட்டியிருந்தார்கள். கார் வந்தால் மாப்பிள்ளை கயிற்றை இழுப்பார், கம்பு எழும். கார் போனதும் விடுவார், இறங்கும். சீருடைச் சட்டை வேறு யாருக்கோ தைத்தது, தோள் முழங்கைப் பக்கம் வழிந்தது. உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. பார்த்ததும் டிக்‌ஷனரிக்குத் தெரிந்தது, நம் கம்பெனிச் சரக்கு.

"வாங்க மச்சான்" என்றார் மாப்பிள்ளை. தொப்பியைக் கழற்றினார். "உக்காருங்க. பயப்படாதீங்க, கால் உடையாத பேட்ச்தான், நானே பாத்து எடுத்துப்போட்டது."

டிக்‌ஷனரி உட்காரவில்லை. உறையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார். பெயிண்ட் கம்பெனி வேலை கிடைத்துவிட்டது, ஆறு மணிக்குள் இதை நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றார். மாப்பிள்ளை கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். முகம் ஒரு கணம் பத்து வயசு குறைந்தது. படித்தார். இன்னொரு தடவை படித்தார். உதடு அசைந்தது.

"என்ன மச்சான், இதைத்தானே ஏற்கெனவே குடுத்தீங்க? லேமினேஷன் பண்ணது பையிலதான் இருக்கு. இதுல என்ன புதுசு?"

ஒரு நல்ல வாக்கியம் வந்து வாசலில் நின்றது. கம்பெனியில் சர்டிபிகேட் மாதிரியை மாற்றிவிட்டார்கள், எல்லோருக்கும் புதுசு தருகிறோம். கச்சிதமாக இருந்தது. அதை அவர் அனுப்பிவிட்டார்.

சொன்னார். ஏழு வார்த்தையையும் சொன்னார். எது எவருக்கு என்று சொன்னார். பயிற்சிக் கூட்டத்தையும், கைதட்டலையும், டிராயர்களையும் சொன்னார். நடுவில் இரண்டு கார் வந்தது. மாப்பிள்ளை காகிதத்தை நாற்காலியில் வைத்து, பறக்காமல் தன் தண்ணீர் பாட்டிலை அதன்மேல் வைத்துவிட்டுப் போய்க் கயிற்றை இழுத்தார். திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து கேட்டார். ஒன்பது இடம் என்று டிக்‌ஷனரி சொன்னபோது, "பத்து" என்று திருத்தினார். "ஒண்ணை உங்க தங்கச்சிகிட்ட சொல்லல."

மாப்பிள்ளை கயிற்றின் முடிச்சை இழுத்து இறுக்கினார்.

"மானேஜர் போடச் சொன்னாராக்கும்" என்றார். கேள்வி மாதிரி இல்லை. வழி விட்டு ஒதுங்கி நிற்கிற மாதிரி இருந்தது.

தலையை ஆட்டினால் போதும். டிக்‌ஷனரி அந்த வழியைப் பார்த்தார். அகலமாக, சுத்தமாக இருந்தது.

"இல்ல மாப்பிள்ள. அவர் என் இஷ்டத்துக்கு விட்டாரு. நான்தான் போட்டேன்."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சு."

மாப்பிள்ளை தொப்பியை எடுத்து உள்பக்கம் பார்த்தார், ஏதோ தேடுகிற மாதிரி. மறுபடி தலையில் வைத்தார். மணி ஐந்தே கால்.

"நீங்க கிளம்புங்க" என்றார் டிக்‌ஷனரி. "திட்டறதைப் பொறவு திட்டுங்க, எத்தனை நாள் வேணா பேசாம இருங்க. பஸ் போயிடும். ஆறு மணி வரைக்கும் நான் இங்க நிக்கறேன். கயித்தை இழுக்கறதுதானே, எனக்கு வராதா?"

மாப்பிள்ளை காகிதத்தை எடுக்கவில்லை. பாட்டிலுக்கு அடியில் காகிதத்தின் ஒரு மூலை மட்டும் காற்றுக்குத் தூக்கிக்கொண்டு, விழுந்து, மறுபடி தூக்கிக்கொண்டது. தெருமுனையில் பஸ் திரும்புகிற சத்தம் கேட்டது.

வாசலில் ஒரு கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. மாப்பிள்ளை போய்க் கயிற்றை இழுத்தார். கம்பு எழுந்தது. கார் உள்ளே போயிற்று, கண்ணாடிக்குள்ளிருந்து யாரோ கையசைத்தார்கள். அது திருப்பத்தில் மறைந்த பிறகும் அவர் கயிற்றை விடவில்லை. முதுகைக் காட்டியபடி, இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். மேலே சிவப்பும் வெள்ளையுமாகக் கம்பு வானத்தைப் பார்த்து நின்றது. கீழே வாசல் திறந்து கிடந்தது. உள்ளே வரவும் யாருமில்லை, வெளியே போகவும் யாருமில்லை.